வீட்டுக்குப் பாஸ்தா இயந்திரம் வேண்டுமா? வாங்குமுன் முடிவு செய்யும் முறை

வீட்டில் பாஸ்தா செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் விலையில் தொடங்கி, எந்த நிறுவனத்தின் இயந்திரம் சிறந்தது என்பதில் போய் நிற்கிறார்கள். இவ்விரண்டும் பின்னால் வர வேண்டிய கேள்விகள். உங்கள் வீட்டில் விரும்பி உண்ணப்படும் பாஸ்தா எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடையில் பொட்டலமாக விற்கும் உலர் பாஸ்தாவும் வீட்டில் முட்டை சேர்த்துப் பிசைந்து தேய்க்கும் பாஸ்தாவும் மாவு, செய்முறை, வேகும் நேரம், ஒத்துப்போகும் சாஸ் என எல்லாவற்றிலும் வேறுபட்ட இரண்டு உணவுகள். ஒன்றைச் செய்வதற்கென உருவான கருவியை மற்றொன்றை எதிர்பார்த்து வாங்குவதால்தான் பல இயந்திரங்கள் சில வாரங்களில் பரணுக்குப் போய்விடுகின்றன.

பென்னே, ஃபுசில்லி, மக்கரோனி, ஸ்பகெட்டி போன்ற உலர் பாஸ்தா வகைகள் டியூரம் எனப்படும் கெட்டிக் கோதுமையின் ரவையையும் தண்ணீரையும் கொண்டு செய்யப்படுபவை. இத்தாலியில் உலர் பாஸ்தாவை டியூரம் ரவையில்தான் செய்ய வேண்டும் என்பது 1967ஆம் ஆண்டிலிருந்து சட்டமாகவே இருக்கிறது. அதன் ஈரப்பதம் 12.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அங்கே உண்டு. தொழிற்சாலைகளில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மாவைப் பிசைந்து, வீட்டுக் கருவி எதனாலும் தர முடியாத அழுத்தத்தில் வெண்கல அச்சு வழியாகவோ டெஃப்லான் பதித்த அச்சு வழியாகவோ தள்ளி, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் பல மணி நேரம் உலர்த்துகிறார்கள். வெந்த பிறகும் பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் காட்டும் உறுதி அந்த அழுத்தத்தாலும் உலர்த்தலாலும் வருவது. ஆகவே உங்கள் வீட்டில் பாஸ்தா என்றால் தக்காளிச் சாஸில் புரட்டிய பென்னேயோ, பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்த ஸ்பகெட்டியோதான் என்றால், எந்த இயந்திரத்தை வாங்கினாலும் அதைவிடச் சிறந்த பென்னே கிடைக்காது. பொட்டலத்தினுள் தெரியும் பாஸ்தாவின் மேற்பரப்பைப் பார்த்து, வழவழப்பாக இல்லாமல் மாவு பூத்தாற்போல் சொரசொரப்பாக இருக்கும் நல்ல உலர் பாஸ்தாவைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது இவர்களுக்கு ஏற்ற வழி. இயந்திரத்தைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

முட்டைப் பாஸ்தாவின் கதை வேறு. வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞ்ஞா பகுதியில், குறிப்பாக பொலோஞ்ஞா நகரத்தில், மெல்லிய கோதுமை மாவையும் முட்டையையும் பிசைந்து பெரிய தகடாகத் தேய்த்து, அதிலிருந்து தாலியத்தெல்லே என்னும் பட்டைகளையும் லசான்யா தகடுகளையும் உள்ளே இறைச்சி வைத்து மடித்த தொர்தெல்லீனியையும் செய்கிறார்கள். அடிப்படை அளவு எளிமையானது: 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, ஒருவருக்கு அது போதும். பட்டையின் அகலத்தில்கூட அந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. வெந்த தாலியத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டராக இருக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டு பொலோஞ்ஞா வணிகச் சங்கத்தில் முறையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அது நகரின் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்பது அவர்களுடைய கணக்கு. இந்த வகைப் பாஸ்தா மென்மையானது, இரண்டு மூன்று நிமிடங்களில் வெந்துவிடும், வெண்ணெய், பாலாடை, நீண்ட நேரம் வேகவைத்த இறைச்சி சேர்ந்த சாஸ்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இதைக் கடையில் நல்ல தரத்தில் வாங்குவது நம் ஊர்களில் கடினம். கைப்பிடி சுற்றும் உருளை இயந்திரம் பிறந்ததே இந்தத் தகட்டைத் தேய்ப்பதற்காகத்தான்.

உருளை இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்கொன்று இணையான இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவை விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் மாவு தட்டையாகி வெளியே வருகிறது. பக்கத்திலுள்ள திருகைத் திருப்பி உருளைகளின் இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்தால் தகடு மெலிகிறது. 1930இல் தொடங்கப்பட்ட மார்கத்தோ நிறுவனத்தின் அட்லஸ் 150 இவ்வகையில் பலரும் அறிந்த ஒன்று. பெயரிலுள்ள 150 தகட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. பத்து இடைவெளிகளைக் கொண்ட அந்த இயந்திரம் ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டரிலிருந்து 0.6 மில்லிமீட்டர் வரை தகட்டை மெலிய வைக்கும். உடன் வரும் வெட்டும் உருளைகளில் ஒன்று 6.5 மில்லிமீட்டர் பட்டையையும் மற்றொன்று மெல்லிய இழையையும் தரும். இத்தாலியின் தூரின் பகுதியைச் சேர்ந்த இம்பேரியா நிறுவனம் 1932இலிருந்து இதே போன்ற இயந்திரங்களைச் செய்துவருகிறது. மாவை அளப்பது, முட்டையுடன் சேர்ப்பது, பிசைவது, அரை மணி நேரம் மூடி வைப்பது, வெட்டிய பட்டைகள் ஒட்டாமல் ரவை தூவிப் பிரித்து வைப்பது, சிந்திய மாவைத் துடைப்பது ஆகிய எல்லாமே இயந்திரம் வந்த பிறகும் உங்கள் வேலையாகவே இருக்கும். பிசைதலில் மட்டும் ஒரு சிறு சலுகை உண்டு: மாவை முரட்டுத்தனமாகச் சேர்த்துவிட்டு, உருளைகளை அகலமாகத் திறந்து வைத்து, மூன்றாக மடித்து மடித்து ஐந்தாறு முறை விட்டெடுத்தால் மிச்சப் பிசைதலை உருளைகளே செய்துவிடும்.

நான்கு பேருக்கான ஒரு வேளைப் பாஸ்தாவுக்கு, பிசைவதற்குப் பத்து நிமிடம், மாவு ஓய்வெடுக்க முப்பது நிமிடம், இயந்திரத்தில் தேய்த்து வெட்ட இருபதிலிருந்து முப்பது நிமிடம், துடைத்து வைக்கப் பத்து நிமிடம் என்று கணக்கிடலாம். இதில் இயந்திரத்தால் குறைவது தேய்க்கும் நேரம் மட்டுமே. ஆனால் தகடு முழுவதும் ஒரே தடிமனாக இருப்பது, கை பழகாதவர்களுக்கு அது தரும் பெரிய உதவி. தடிமன் சீராக இல்லாத பட்டைகளில் ஒரு பகுதி குழைந்தும் இன்னொரு பகுதி வேகாமலும் போகும்.

எனவே இயந்திரத்துக்குப் பணம் கட்டுமுன் சப்பாத்திக் கட்டையால் சில முறை செய்து பார்ப்பதுதான் நான் சொல்லக்கூடிய முதன்மையான சோதனை. இத்தாலியில் தகடு தேய்க்கப் பயன்படும் கட்டை ஒரு மீட்டர் நீளம் வரை இருக்கும். நம் கட்டை சிறியது என்பதால் மாவைச் சிறு உருண்டைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 200 கிராம் மைதாவைக் குவித்து நடுவில் பள்ளம் செய்து இரண்டு முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். நம் ஊர் முட்டைகள் பெரும்பாலும் ஐரோப்பிய முட்டைகளைவிடச் சிறியவை. ஆகவே ஓடு நீக்கிய முட்டையை நிறுத்துப் பார்த்து, 100 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 55 கிராம் வரும்படி ஒரு மஞ்சள் கருவையோ சில துளித் தண்ணீரையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, முதலில் இது சேரவே சேராது என்று தோன்றும் பதத்தில் இருப்பதுதான் சரி. பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து, ஈரத்துணியாலோ கிண்ணத்தாலோ மூடி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு சமையல் மேடையைச் சுத்தமாகத் துடைத்து உலர்த்தி, அதன் மேலேயே தேய்க்கலாம், பலகை போதாது. தகட்டைச் செய்தித்தாளின் மேல் பிடித்தால் எழுத்துகளின் நிழல் தெரியும் அளவுக்கு மெலிந்ததும், பத்து நிமிடம் காய விட்டு, மாவு தூவித் தளர்வாகச் சுருட்டி, ஏழு மில்லிமீட்டர் அகலத்தில் கத்தியால் நறுக்கி உதறுங்கள். 100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் பத்து கிராம் உப்பும் என்ற அளவில் நன்றாகக் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்தால் போதும்.

இப்படிச் சில முறை செய்த பிறகு, உங்களை எது களைப்படையச் செய்தது என்று கவனியுங்கள். தேய்ப்பதுதான் கடினமாக இருந்தது, உண்பதில் எல்லோருக்கும் விருப்பம் இருந்தது என்றால் இயந்திரம் வாங்குவதற்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. பிசைவது கடினம் என்றால் மாவு பிசையும் வசதியுள்ள மிக்ஸியோ கிரைண்டரோ போதும். மாவு சிந்திய மேடையைத் துடைப்பது எரிச்சலூட்டியது என்றால் இயந்திரம் அந்த எரிச்சலைக் கூட்டத்தான் செய்யும். வீட்டில் உள்ளவர்கள் உலர் பாஸ்தாவுக்கும் இதற்கும் வேறுபாடே காணவில்லை என்றால் விடை இன்னும் எளிது. சப்பாத்தி தேய்த்துப் பழகிய கைக்கு இரண்டாம் மூன்றாம் முறையிலேயே தகடு வசப்பட்டு, இயந்திரமே தேவையில்லை என்று தோன்றவும் கூடும். அப்படித் தோன்றினால் அதையும் நம்பலாம்.

முட்டை சேர்க்காத வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தென் இத்தாலியில், முக்கியமாகப் புல்யா பகுதியில், டியூரம் ரவையையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் மட்டும் பிசைந்து ஒரெக்கியெத்தே, கவதெல்லி போன்ற சிறு வடிவங்களைக் கையாலேயே செய்கிறார்கள். பாரி நகரின் பழைய பகுதியில் பெண்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே செய்து விற்கும் தெரு ஒன்று பயணிகளிடையே பெயர் பெற்றது. ரவையின் எடையில் பாதி அளவு தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, சுண்டுவிரல் தடிமனுக்குக் கயிறாக உருட்டி, சிறு துண்டுகளாக வெட்டி, மழுங்கிய கத்தியால் பலகையில் இழுத்துக் கட்டைவிரலில் கவிழ்த்தால் ஒரெக்கியெத்தே ஆகிவிடும். இதற்குக் கத்தியும் பலகையும் தவிர எந்தக் கருவியும் வேண்டாம். நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண உப்புமா ரவை பெரும்பாலும் ரொட்டிக் கோதுமையிலிருந்து வருவது. அதைவிட மஞ்சள் நிறம் கூடிய பன்சி ரவை டியூரம் வகையைச் சேர்ந்தது. அது சற்றுப் பெரிய குருணையாக இருக்கும் என்பதால் மிக்ஸியில் ஒருமுறை ஓட்டிச் சலித்துக்கொள்ள வேண்டும். சைவ உணவுக்காரர்கள் உருளை இயந்திரம் வாங்கக் கூடாது என்பதில்லை. லசான்யா தகடும் பட்டைகளும் தண்ணீரில் பிசைந்த மாவிலும் வரும். இருந்தாலும் அவர்கள் முதலில் இந்தக் கை வடிவங்களைச் செய்து பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

இனி இரண்டாவது வகையான அச்சு இயந்திரத்துக்கு வருவோம். பிலிப்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்கும் மின் இயந்திரங்களில் மாவைக் கொட்டி நீரை ஊற்றினால், இயந்திரமே கலந்து, திருகுத் தண்டால் முன்னே தள்ளி, துளையிட்ட வில்லை வழியாகப் பென்னேயாகவோ ஸ்பகெட்டியாகவோ பிழிந்து தருகிறது. முறுக்கு அச்சின் மின் வடிவம் இது என்று எந்தத் தமிழ் வீட்டிலும் உடனே புரிந்துகொள்வார்கள். இத்தாலியின் வெனெத்தோ பகுதியிலும் பிகோலி என்ற தடித்த இழைப் பாஸ்தாவைப் பிழியத் திருகு வைத்த கை அச்சு நெடுங்காலமாக இருந்துவருகிறது. மாவு கால் மணி நேரத்தில் பாஸ்தாவாகிவிடும், கை வலிப்பதில்லை, பிசையும் வேலையே இல்லை என்பவை இந்த இயந்திரத்தின் உண்மையான நன்மைகள். இழப்புகளையும் பார்க்க வேண்டும். இதற்குள் போகும் மாவு உருண்டையாகச் சேரக் கூடாது. மாவின் எடையில் 35 முதல் 40 விழுக்காடு வரை நீர் சேர்த்துப் புட்டு மாவுப் பதத்தில் உதிர்ந்திருக்க வேண்டும். சற்று ஈரம் கூடினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் மோட்டார் திணறும். உரிய கையேட்டில் உள்ள அளவுகள் அந்தந்த நாட்டு மாவுக்கானவை. நம் கோதுமை மாவு கூடுதலாக நீர் இழுக்கும் என்பதால் முதல் சில முறை அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். உயர் அழுத்தமும் முறையான உலர்த்தலும் இல்லாததால், வெளிவரும் பென்னே தோற்றத்தில் பென்னேயாக இருந்தாலும் கடிக்கும்போது கடைப் பாஸ்தாவின் உறுதியைத் தராது.

அச்சு இயந்திரம் பயன்படாமல் போவதற்குப் பெரும்பாலும் அதன் துப்புரவு வேலையே காரணமாகிறது. திருகுத் தண்டு, கலக்கும் துடுப்பு, கிண்ணம், வில்லை, வில்லையின் ஒவ்வொரு துளை என எல்லாவற்றிலும் மாவு இறுகிக்கொள்ளும். உடனே தண்ணீரில் போட்டால் பசையாகிவிடும். உலர விட்டால் கொட்டிவிடலாம், ஆனால் அதுவரை பாகங்கள் மேடையில் பரந்து கிடக்கும். என்றாலும் இந்த இயந்திரம் பொருந்தும் வீடுகள் உண்டு. வாரம் ஒரு முறையாவது பாஸ்தாவோ நூடுல்ஸோ உண்ணும் குடும்பங்கள், கை மூட்டு வலியால் பிசையவும் சுற்றவும் முடியாதவர்கள், உப்போ வேறு சேர்க்கையோ இல்லாமல் குழந்தைக்குச் செய்துதர விரும்புபவர்கள் ஆகியோருக்கு அது கொடுத்த விலைக்கு உழைக்கும். கேழ்வரகு, தினை போன்ற சிறுதானிய மாவில் பாஸ்தா செய்யலாம் என்ற எண்ணத்தில் மட்டும் வாங்குபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். கோதுமையின் பசைப்புரதம் இல்லாத மாவு தானாகப் பிணைந்து நிற்காது. முட்டையோ, சாந்தான் பிசினோ, பாதியளவு கோதுமை மாவோ சேர்க்காவிட்டால் கொதிநீரில் உதிர்ந்து கஞ்சியாகிவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் திருகு முறுக்கு அச்சை இந்த இடத்தில் மறந்துவிடக் கூடாது. கெட்டியான பாஸ்தா மாவை அதில் இட்டுத் திருகினால் கையும் கைப்பிடியும் ஒருசேரக் கெடும் என்பது உண்மைதான். ஆனால் ரொமாஞ்ஞா பகுதியின் பஸ்ஸதெல்லி என்ற பாஸ்தாவை, அதாவது ரொட்டித் தூள், துருவிய பார்மிசான் பாலாடைக்கட்டி, முட்டை, சிறிது சாதிக்காய் ஆகியவற்றைப் பிசைந்த மென்மையான மாவை, தேன்குழல் வில்லை போட்டுக் கொதிக்கும் சூப்பில் நேரடியாகப் பிழிந்துவிடலாம். பிழிந்து செய்யும் பாஸ்தா உங்கள் நாவுக்கு ஏற்றதா என்று செலவில்லாமல் அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஸ்டாண்ட் மிக்ஸர் என்னும் மாவு பிசையும் மின்கருவி வைத்திருப்பவர்களுக்கு அதன் முகப்பில் மாட்டும் உருளைகள் தனியாகக் கிடைக்கின்றன. இரண்டு கைகளும் தகட்டைப் பிடிக்கக் கிடைப்பதால் தனியாகச் சமைப்பவர்களுக்கு அவை மிகவும் வசதி; ஆனால் அதற்காக மிக்ஸரையே புதிதாக வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் இயந்திரத்தைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கும் மின் இயந்திரங்கள் 120 வோல்ட்டுக்கானவை; இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள 230 வோல்ட்டில் அவற்றை நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். கைப்பிடி சுற்றும் இயந்திரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, பெட்டியின் எடையைக் கூட்டுவதைத் தவிர.

பணக் கணக்கை நேர்மையாகப் போட்டுப் பார்த்தால், பணம் மிச்சமாகும் என்ற காரணத்துக்காக யாரும் பாஸ்தா இயந்திரம் வாங்க வேண்டியதில்லை என்பது தெரியும். எடுத்துக்காட்டாக, இயந்திரத்தின் விலை 8,000 ரூபாய், வீட்டில் செய்வதால் ஒரு தட்டுக்கு 20 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு தட்டுக்கு 80 ரூபாய். ஆக நூறு முறை செய்த பிறகுதான் போட்ட முதல் திரும்பும். மாதம் இரண்டு முறை செய்யும் வீட்டில் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவை கணக்கு விளங்குவதற்காகச் சொன்ன எண்கள். உங்கள் ஊர் விலைகளை இட்டுப் பாருங்கள். உள்ளூரில் விற்கும் மலிவான உலர் பாஸ்தாவோடு ஒப்பிட்டால் மிச்சம் என்று ஒன்று இருக்கவே இருக்காது. புதிய முட்டைப் பாஸ்தா உணவகத்தில் மட்டுமே கிடைக்கும் ஊரில், அங்கே மாதம் ஒருமுறை குடும்பத்தோடு போய் உண்பவர்களுக்கு மட்டும் கணக்கு விரைவில் நேராகும். மற்றவர்கள் இதைச் சமையலில் உள்ள ஆர்வத்துக்கான செலவு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வாங்கலாம்; அதில் தவறில்லை.

விலை சரியென்று பட்டாலும், இயந்திரத்தை எங்கே பொருத்துவது என்ற கேள்வி மிஞ்சும். கைப்பிடி இயந்திரம் மேசை விளிம்பில் ஒரு கவ்வியால் இறுக்கப்பட்டால்தான் நிற்கும். நம் சமையலறைகளில் கிரானைட் மேடையின் விளிம்பைப் பலரும் இரட்டைக் கல் ஒட்டித் தடிமனாகவும் உருண்டையாகவும் செய்திருப்பார்கள். கீழே அலமாரிக் கதவு கல்லோடு ஒட்டி நிற்கும். அங்கே கவ்விக்குப் பிடி கிடைக்காது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் அளவுகோலை எடுத்து, விளிம்பின் தடிமனையும் அதன் அடியில் கவ்வி நுழைய எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்துகொண்டு, இயந்திரத்தின் கவ்வி எவ்வளவு விரியும் என்பதோடு ஒப்பிடுங்கள். மேடை சரிப்படாவிட்டால் ஆட்டமில்லாத மர மேசையாவது வேண்டும். கைப்பிடி முழு வட்டமாகச் சுற்றச் சுவரிலிருந்து இடைவெளியும், வெளிவரும் நீண்ட தகட்டைப் போட ஒரு முழத்துக்கு மேல் காலி இடமும் தேவை.

உருளை இயந்திரத்தைத் தண்ணீரில் கழுவவே கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்க வருபவருக்கு முதலில் சொல்ல வேண்டும். ஒருமுறை நீர் உள்ளே போனால் பற்சக்கரம் துருப்பிடிக்கும், எஞ்சிய மாவு உள்ளேயே கூழாகி இறுகும். பயன்படுத்தி முடித்ததும் சிறிது நேரம் காய விட்டு, தூரிகையால் தட்டி, ஒரு சிறு மாவு உருண்டையை விட்டெடுத்தால் ஒட்டியிருப்பவை வந்துவிடும். கடலோர ஊர்களில் இந்த வேலையைத் தள்ளிப்போட்டால் எறும்பும் வண்டும் முந்திக்கொள்ளும். கழுவ முடியாது என்பதாலேயே இன்னொன்றும் பின்தொடர்கிறது: கோதுமை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால், கோதுமை மாவு ஒருமுறை போன இயந்திரத்தை அவருக்கான உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஈரப்பதமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் முட்டைப் பாஸ்தாவைக் கொடியில் போட்டு நாள் முழுவதும் உலர்த்தலாம் என்று எண்ணக் கூடாது. பச்சை முட்டை சேர்ந்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருப்பது பாதுகாப்பானது இல்லை. உடனே வேகவைக்காத பட்டைகளை ரவை தூவிச் சிறு கூடுகளாகச் சுற்றித் தட்டில் வைத்து ஃப்ரீசரில் உறைய வைத்து, பிறகு டப்பாவுக்கு மாற்றலாம். உறைந்த நிலையிலேயே கொதிநீரில் போட்டு ஒரு நிமிடம் கூடுதலாக வேகவைத்தால் போதும். இதை ஏன் இங்கே சொல்ல வேண்டும் என்றால், பாஸ்தா உலர்த்துவதற்கென்று தனியாக விற்கும் கம்பித் தாங்கி நமக்கு வீண்செலவு. பூரணம் வைத்த பாஸ்தாவான ராவியோலியைச் செய்யும் இணைப்பும் அப்படித்தான். தகட்டில் பூரணம் வைத்து மூடிக் கிண்ணத்தால் வெட்டுவது அதைவிட விரைவில் முடியும்.

உருளை இயந்திரத்தின் பக்கம் தராசைச் சாய்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. அது இத்தாலியைச் சேர்ந்ததே இல்லை. சீராகவும் மெல்லியதாகவும் தேய்க்க வேண்டிய கெட்டி மாவு எதையும் இந்த உருளைகள் ஏற்றுக்கொள்ளும். சமோசாவுக்கான பட்டைகள், தீபாவளிக்குச் சோமாசிக்கும் மைதா பிஸ்கட்டுக்கும் தேய்க்கும் தகடுகள், கோதுமை நூடுல்ஸ், மோமோ மேல்தோல் எல்லாவற்றையும் இதில் எளிதாகச் செய்யலாம். பண்டிகை நேரத்தில் நூற்றுக்கணக்கில் சோமாசி செய்யும் வீட்டில், பாஸ்தா மாதத்துக்கு ஒருமுறைதான் என்றாலும் இயந்திரத்துக்கு வேலை இருக்கும். போளி மாவு, பரோட்டா மாவு போன்ற எண்ணெயும் நெகிழ்வும் கூடிய மாவுகளை மட்டும் இதில் விடக் கூடாது, உருளைகளில் அப்பிக்கொள்ளும்.

இவ்வளவையும் கடந்து வாங்குவதென்று முடிவு செய்தவர்கள், பெயர் தெரியாத மலிவான நகல்களை வாங்கும்போது கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். உருளைகளை மிக நெருக்கமான நிலையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் அகலமாகத் தெரிந்தால் தகடு எப்போதும் பக்கவாட்டில் வளைந்தே வெளிவரும். கைப்பிடியைச் சுற்றும்போது பல் நழுவும் ஓசை கேட்கக் கூடாது. சுற்றும் வேகத்தில் கைப்பிடி துளையிலிருந்து கழன்று விழக் கூடாது. திருகின் எண்கள் சில இயந்திரங்களில் தடிமனிலிருந்து மெலிவுக்கும் வேறு சிலவற்றில் தலைகீழாகவும் செல்லும் என்பதால், சமையல் குறிப்பில் உள்ள எண்ணை அப்படியே பின்பற்றாமல் உங்கள் இயந்திரத்தின் தடிமன்களை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய இயந்திரத்தில் முதலில் விடும் மாவில் எண்ணெய்க் கறை படியும். கறை முற்றிலும் நிற்கும் வரை சிறு மாவு உருண்டைகளை விட்டு எறிந்துவிட்டுத்தான் உண்பதற்கானதைச் செய்ய வேண்டும்.

பழைய இயந்திரம் வாங்குவதையும் நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன், ஏனென்றால் ஆர்வத்தில் வாங்கி ஓரிரு முறை மட்டும் சுற்றப்பட்டவை பல வீடுகளில் கிடக்கின்றன. வாங்குமுன் ஒரு கெட்டி மாவு உருண்டையைக் கையோடு எடுத்துச் சென்று விட்டுப் பாருங்கள். உருளைகளின் அடியில் மாவைச் சுரண்டிவிடும் தகடு நேராக இருக்கிறதா, வெட்டும் உருளை ஒவ்வோர் இழையையும் முழுமையாகப் பிரிக்கிறதா, கவ்வியும் கைப்பிடியும் அதே இயந்திரத்துக்கு உரியவைதானா என்பதைப் பார்த்துவிட்டு, உருளைகளில் வெளியே துரு தெரிந்தால் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் விட்டுவிடுங்கள்.